ஐந்தரை மணிச் சுற்று

காஸ் கசிகிற சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா அக்கா? எனக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்குப் பொழுது சாய்ந்து, வீட்டில் விளக்கெல்லாம் போட்ட பிறகு, அம்மா இருந்த அறையிலிருந்து 'ஃப்ஸ்ஸ்... ஃப்ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடியும் வந்தது. அவ்வளவுதான், இது காஸ் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். பாப்பாவை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, காலில் செருப்புக்கூட இல்லாமல், மூன்று மாடியும் ஓடி இறங்கினேன். போகிற வழியில் எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டே போனேன். ஐந்து நிமிடத்தில் மொத்த அப்பார்ட்மென்டும் கீழே நிற்கிறது, நைட்டியும் லுங்கியுமாக. ஒருவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார், கையில் சாம்பார் காய்கிறது.

"வீட்ல வேற யாரும்மா இருக்கா?" என்று செக்ரட்டரி கேட்டபோதுதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

தப்பாக நினைக்காதீர்கள். கையில் குழந்தை இருந்தால் அப்படித்தான் ஆகும்.

செக்ரட்டரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே போனார். இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினார். "மேடம், காஸும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்கம்மா விசில் அடிச்சுப் பழகுறாங்க."

விசில் அக்கா. அறுபத்திரண்டு வயதில். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, தியேட்டரில் பையன்கள் அடிப்பார்களே, அது. காற்றுதான் வந்திருக்கிறது, விசில் வரவில்லை.

உட்காருங்கள், ஏன் நுனியில் உட்காருகிறீர்கள். பையைக் கீழே வையுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள், முக்கால் மணி நேரம் இருக்கிறது. வேலை பெரிய வேலை இல்லை. காலை எட்டுக்கு வர வேண்டும், நான் ஆபீஸிலிருந்து வரும்வரை இருக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே வந்ததும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, இங்கே ஒரு சேலை வைத்திருக்கிறேன், அதை மாற்றிக்கொண்டுதான் பாப்பாவைத் தூக்க வேண்டும். செல்போன் பையிலேயே இருக்கட்டும். ஏதாவது அவசரம் என்றால் உங்கள் வீட்டில் என் நம்பரைக் கொடுத்துவிடுங்கள், நான் சொல்கிறேன்.

இதற்கு முன்னால் யார் பார்த்துக்கொண்டார்கள், ஏன் நின்றுவிட்டார்கள் என்று ஏஜென்சியில் கேட்டீர்களாம். நியாயமான கேள்விதான். அம்மாதான் பார்த்துக்கொண்டாள். ஏன் போனாள் என்று கீழ்வீட்டுக்காரர்கள் உங்களிடம் ஏதாவது சொல்வார்கள். அதற்கு நானே சொல்லிவிடுகிறேன்.

பாப்பா எட்டு மாதத்திலேயே பிறந்துவிட்டாள் அக்கா. ஒன்றரைக் கிலோ. இருபத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அவள் அப்பா கப்பலில் எஞ்சினியர், அவர் வந்து பார்க்கும்போது அவளுக்கு நூறு நாள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மிஷின் இருக்கும், மூச்சு நின்றால் கூவும். இருபத்தாறு நாளில் ஒன்பது தடவை கூவியது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மிஷின் இல்லை. யார் கூவுவது? நான்தான் இராத்திரியெல்லாம் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் அம்மாவைத் தூத்துக்குடியிலிருந்து வரச் சொன்னேன். மறுநாள் காலை ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். "எத்தன நாளைக்கு" என்றுகூடக் கேட்கவில்லை.

அம்மா பெயர் எமரன்சி. முப்பத்திநாலு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். டிரங்க் கால் போட்டவர்களுக்கெல்லாம் அவள் குரல் தெரியும். அப்பா போய் ஏழு வருடம் ஆகிறது. நான் சென்னைக்கு வந்துவிட்டேன், அவள் அங்கே தனியாக இருந்தாள். தனியாக என்றால், நான் தனியாக என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு ஒரு கூட்டமே இருக்கிறது.

ஆறு பேர் அக்கா. எல்லாம் ஐம்பத்தெட்டிலிருந்து எழுபத்தைந்து வரைக்கும். கட்டினவர் போய்விட்டார், அல்லது கட்டவே இல்லை, பிள்ளைகள் வெளியூர். தினம் காலை ஐந்தரை மணிக்கு அம்மா இரண்டாவது ஆளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிட வேண்டும். எடுக்கக் கூடாது, பேச்சும் கிடையாது. அந்த ஆள் மூன்றாவது ஆளுக்கு, மூன்றாவது நாலாவதுக்கு. கடைசி ஆள் திரும்ப அம்மாவுக்கு. ஐந்தே முக்காலுக்குள் முடிந்துவிடும். அதற்குச் சுற்று என்று பெயர். சுற்று வந்துவிட்டால் ஆறு பேரும் உயிரோடு எழுந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வராவிட்டால் அம்மா ஒவ்வொரு நம்பராகப் போட்டு, எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்பாள். எக்ஸ்சேஞ்சில் லைன் பழுது பார்ப்பார்களாமே, அந்த மாதிரி. அதில் ஒரு சட்டம் வேறு. அம்மாவைத் தவிர வேறு யாரும் தேடக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு தடவை ஆளாளுக்கு ஆளாளைக் கூப்பிட்டு, எல்லா நம்பரும் பிஸியாகி, ஒரு மணி நேரம் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லையாம். "ஒரு லைனுக்கு ஒரு ஆளுதான் தேடணும்" என்று அம்மா அன்றைக்குச் சொன்னது. அதிலிருந்து மற்ற ஐந்து பேரும் எமரன்சி பார்த்துக்கொள்வாள் என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

இது காலையில். இராத்திரி எட்டு மணிக்கு ஆறு பேரும் ஒரே லைனில் வருவார்கள். ஒவ்வொருத்தரும் அன்றைக்குச் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நேற்றுச் செய்யாததாக இருக்க வேண்டும். சின்னதாக இருந்தாலும் சரி. ஒரு ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கி நடந்தேன் என்பார்கள். இடது கையால் என் பேரை எழுதினேன் என்பார்கள்.

"என்னம்மா இது, சின்னப் பிள்ளைங்க மாதிரி" என்று கேட்டேன்.

அம்மா அப்போது பாப்பாவின் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உங்கப்பா போன மறுவருசம் டிசம்பர்ல ஒரு நாள் உக்காந்து யோசிச்சுப் பாத்தேன் ஜெனி. ஒரு வருசம் போயிருக்கு. அதுல எனக்கு ஞாபகம் இருக்கது ரெண்டே நாளு. ஒண்ணு ஆண்டு நினைவுப் பூசை. இன்னொண்ணு கேஸ் சிலிண்டர்காரன் நாலாயிரம் தடவ மணியடிச்சும் கதவத் திறக்காம நான் செவரப் பாத்துட்டு இருந்த நாளு. மிச்ச நாளெல்லாம் எங்க போச்சு? எங்கயோ போச்சு. இனும அப்படிப் போகக்கூடாதுன்னு வச்சேன்" என்றாள்.

எனக்கு அதெல்லாம் விளங்கவில்லை. எனக்கு ஒவ்வொரு இரவும் ஞாபகம் இருந்தது, மறந்தால் போதும் என்றிருந்தது.

அந்தக் கூட்டத்தில் புஷ்பம் சித்தி என்று ஒருத்தி. தங்கபுஷ்பம். சொந்தச் சித்தி இல்லை, அம்மாவோடு ஐந்தாவது வரை படித்தவள். அறுபது வயது. ஸ்கூலில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவள். கல்யாணம் ஆகவில்லை. அவள் போனை எடுத்தால் அடுத்த அறைக்குக் கேட்கும்.

"ஏட்டி எமரன்சி, இருக்கியா? இல்ல உம்மவ உன்னைய ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிட்டாளா, கெட்டுப் போவாம இருக்கட்டும்னு?"

"சும்மா கிடட்டி, பிள்ள தூங்குது."

"பிள்ள எப்பவும்தான் தூங்கும். நீ என்ன செஞ்ச இன்னைக்கு, சொல்லு. டயபர் மாத்துனேன்னு சொல்லாத, அது நேத்தும் சொல்லிட்ட."

அந்த விசில்கூட அவள் போட்ட பந்தயம்தான். அடுத்த மாதத்துக்குள் விசில் அடித்துக் காட்டவில்லை என்றால் எமரன்சி தனக்கு ஒரு டப்பா மக்ரூன் வாங்கித் தர வேண்டும் என்று. அதற்காக நான் செருப்பில்லாமல் மூன்று மாடி இறங்கினேன்.

நான் கண்டிப்பானவள் இல்லை அக்கா. அம்மாவை எதையும் செய்யாதே என்று நான் சொன்னதே கிடையாது. எடுத்துச் சொல்வேன், அவ்வளவுதான். எட்டு மணி பாப்பா தூங்கும் நேரம். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் அவள் திடுக்திடுக்கென்று விழிக்கிறாள். சொன்னேன். அம்மா பால்கனிக்குப் போய்ப் பேசினாள். பால்கனியில் கொசு. கொசு கடித்து அம்மாவுக்கு ஜுரம் வந்தால் பாப்பாவை யார் தூக்குவது? சொன்னேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானம் பேசிக்கொள்வது என்று ஆனது. மாதா கோவில் பூசைக்குப் போக வேண்டும் என்றாள். கூட்டத்தில் யார் இருமுவார்கள் தும்முவார்கள் என்று தெரியாது, டிவியில் பூசை பார்த்துக்கொள்ளம்மா என்றேன். சரி என்றாள். அம்மா எதற்கும் சரி என்பாள். அதுதான் அவளிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

சுற்றை மட்டும் விடவில்லை. "இது மட்டும் கேக்காத ஜெனி" என்றாள்.

பாப்பா பிறந்து நாலாவது மாதம், ஒரு காலையில் சுற்று வரவில்லை. அம்மா நம்பர் நம்பராகப் போட ஆரம்பித்தாள். புஷ்பம் சித்தியிடம் நிற்கிறது என்று தெரிந்தது. உடனே அவள் வீட்டுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவருக்குப் போன் போட்டாள். அவர் நம்பர் அம்மாவிடம்தான் இருந்தது. அவர் பத்து நிமிடத்தில் சுவரேறிக் குதித்துப் போய்ப் பார்த்திருக்கிறார். சித்தி போனைச் சார்ஜ் போட மறந்துவிட்டுப் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் இந்தப் பக்கம் என்ன ஆனது தெரியுமா? அந்த நேரத்தில் பாப்பாவுக்குப் பால் புரையேறிவிட்டது. முகம் நீலமாகிவிட்டது. நான் "அம்மா, அம்மா" என்று கத்துகிறேன், அம்மா போனில் "செவரேறிப் பாருங்கண்ணாச்சி" என்கிறாள். பிறகு ஓடி வந்து பாப்பாவைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினாள், சரியாகிவிட்டது. அரை நிமிடம்தான் இருக்கும். எனக்கு அது அரை நிமிடம் இல்லை அக்கா.

அதற்குப் பிறகுதான் நான் அந்த யோசனை சொன்னேன். அம்மா இராத்திரி இரண்டு மூன்று மணி வரை பாப்பாவைத் தோளில் போட்டு நடக்கிறாள். விடியற்காலையில் நான் பால் கொடுக்க எப்படியும் எழுந்திருப்பேன். "அம்மா, நீ தூங்கு. அஞ்சரைக்கு நானே ரிங் குடுத்துர்றேன். சுத்து வந்ததும் பாத்து வைக்கிறேன்" என்றேன். போன் என் தலைமாட்டில் இருக்கும், சத்தத்தை அணைத்து வைத்துக்கொள்ளலாம், பாப்பாவும் விழிக்க மாட்டாள்.

அம்மா போனைக் கையிலிருந்து விடவில்லை. "வரலன்னா என்னைய எழுப்பிரணும். அந்த நிமிசமே" என்றாள்.

"எழுப்புவேன்மா."

"சத்தியமா?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றேன்.

தினம் காலையில் கண் விழித்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். "சுத்து வந்துச்சா?" நான் "வந்துச்சு" என்பேன். அப்புறம்தான் முகம் கழுவப் போவாள். எட்டு வாரம் ஒழுங்காக நடந்தது. ஐம்பத்தைந்து தடவை வந்துச்சு என்று சொல்லியிருப்பேன், ஐம்பத்தைந்தும் உண்மை. அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டோம். இராத்திரி ஜுரம் ஏறிவிட்டது. நூற்று ஒன்று, நூற்று ஒன்றரை. நானும் அம்மாவும் மாறி மாறி ஈரத்துணி வைத்தோம். நாலரை மணிக்குத்தான் ஜுரம் இறங்கியது. பாப்பா என் நெஞ்சின் மேலேயே தூங்கிவிட்டாள். அம்மா தரையில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள், வாயைத் திறந்துகொண்டு. ஐந்தரைக்கு நான் ரிங் கொடுத்தேன். கொடுத்தேன் அக்கா, அதில் தவறவில்லை. ஐந்தே முக்கால் ஆனது. ஆறு ஆனது. சுற்று வரவில்லை.

அம்மாவை எழுப்பினால் என்ன ஆகும்? விளக்குப் போடுவாள். சத்தமாகப் பேசுவாள், எக்ஸ்சேஞ்சில் பேசிப் பழகிய தொண்டை. பாப்பா விழிப்பாள், அழுவாள், ஜுரம் மறுபடி ஏறும். எதற்கு? யாரோ சார்ஜ் போட மறந்ததற்கு.

ஏழு மணிக்கு அம்மா கண் விழித்தாள். "சுத்து வந்துச்சா?"

"வந்துச்சு" என்றேன்.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாப்பாவுக்கு ஜுரம் விட்டிருந்தது, ஆனால் சிணுங்கிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கும் சுற்று வரவில்லை. அன்றைக்கு நான் எழுப்பியிருக்கலாம். ஆனால் எழுப்பினால் நேற்று என்ன ஆயிற்று என்ற கேள்வி வருமே. நேற்று வந்தது என்று சொல்லியாகிவிட்டதே. நீங்களே சொல்லுங்கள். ஒரு நாள் சொன்னால் மறுநாளும் சொல்ல வேண்டியதுதான், வேறு வழி கிடையாது.

"வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

பதினோரு மணி இருக்கும். அம்மா பாப்பாவைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். போன் வந்தது. செலின் சித்தி. சுற்றில் புஷ்பம் சித்திக்கு அடுத்த ஆள். கை ஈரமாக இருந்ததால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொன்னாள், நான்தான் போட்டேன்.

புஷ்பம் சித்தி வீட்டு வாசலில் இரண்டு நாள் பால் பாக்கெட் கிடந்திருக்கிறது. கடைக்காரர் பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். பாத்ரூமில் விழுந்து கிடந்திருக்கிறாள். இடுப்பு உடைந்திருந்தது. உயிர் இல்லை.

அம்மா சொன்னாள், "இல்லயே. ரெண்டு நாளும் சுத்து வந்துச்சேட்டி."

 செலின் சித்தி அழுகிற சத்தம் மட்டும் வந்தது. அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் துண்டை எடுத்து உதறிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைக்குத் தலை துவட்டு. சளி பிடிச்சிரும்" என்று பாப்பாவை என் கையில் கொடுத்தாள். சேலையில் கையைத் துடைத்தாள். போனை ஸ்பீக்கரிலிருந்து எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அங்கே ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு, எந்தெந்த நேரத்துக்கு யார் யார் நம்பர் வந்தது என்று அந்தப் போனைக் கீழேயும் மேலேயும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒரு அடி அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் உள்ளே வந்து, குக்கரில் பாப்பாவுக்குப் பருப்புத் தண்ணீர் வைத்தாள். பாப்பாவுக்கு மூன்று நாளைக்கு வேண்டிய துணியை அயர்ன் பண்ணி அடுக்கினாள். சாயங்காலம் பஸ் ஏறிவிட்டாள். நான் வாசல் வரை போனேன். "திங்கக்கிழமை வந்துருவியாம்மா? எனக்கு அடுத்த மாசம் லீவு முடியுது" என்று கேட்டேன்.

அம்மா, "கதவச் சாத்திட்டு உள்ள போ, பிள்ளைக்குக் காத்து அடிக்கும்" என்றாள்.

நான் ஒன்று கேட்கிறேன் அக்கா. அம்மா இருந்தது சென்னையில். வியாழக்கிழமை காலையில் நான் சொல்லியிருந்தாலும் அவள் இங்கிருந்து போய்ச் சேரப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். போய் என்ன செய்திருக்க முடியும்? சித்திக்கு வியாழக்கிழமை முழுக்க உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் சொல்வார்கள். பக்கெட்டை வைத்து பாத்ரூம் கதவைத் தட்டியிருக்கிறாள், கடைக்காரர் எங்கேயோ பைப் வேலை நடக்கிறது என்று இருந்துவிட்டார். பக்கத்திலேயே இருந்த அவருக்குக் கேட்டது, அவர் போகவில்லை. அவரை யாராவது ஏதாவது சொன்னார்களா?

டீ ஆறிவிட்டது, குடியுங்கள்.

மூன்று வாரம் ஆகியும் அம்மா வரவில்லை. போன் செய்தால் எடுப்பாள். பாப்பா எத்தனை தடவை வெளிக்குப் போனாள், பல் முளைக்கிறதா, எல்லாம் கேட்பாள். எப்போது வருகிறாய் என்றால், "பாப்பம்" என்பாள். சரி, நாமே போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று போன வெள்ளிக்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். அவ்வளவு தூரம், அத்தனை பேர் மூச்சுக்காற்றில். அம்மாவுக்காகத்தான்.

ஒரு குறையும் வைக்கவில்லை. ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள். பாப்பாவை வாங்கிக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டாள். சீலா மீன் குழம்பு வைத்திருந்தாள். முள்ளெடுத்து என் தட்டில் வைத்தாள். சாப்பிடும்போது, "புஷ்பம் விசயத்துல யாரும் உன்கிட்ட ஏதும் கேட்டா, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு. போனு என்கிட்டதான் இருந்துச்சு, நான்தான் அசந்து தூங்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். நான் தலையாட்டினேன். அம்மா அசந்து தூங்கியது உண்மைதானே.

மறுநாள் காலையில் ஐந்து மணிக்கெல்லாம் அம்மா எழுந்துவிட்டாள். முன்னறையில் நாற்காலியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தரை ஆனது, ஐந்தே முக்கால் ஆனது, ஆறும் ஆனது. அடிக்கவே இல்லை. அந்தப் பழக்கத்தை எல்லோரும் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. பாப்பா ஏழு மணி வரைக்கும் அசையாமல் தூங்கினாள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். அம்மா ஆசைப்பட்டாள், நானும் முகமூடி போட்டுக்கொண்டு போனேன். செலின் சித்தி வந்திருந்தாள். அம்மா வழக்கமாக அவளோடு இரண்டாவது பெஞ்சில் உட்காருவாளாம். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் இடம் இருந்தது, ஆனால் அம்மா போகவில்லை, பின்னால் தூணுக்குப் பக்கத்தில் என்னோடு உட்கார்ந்தாள். பூசை முடிந்து வெளியே வரும்போது நேருக்கு நேர் வந்துவிட்டார்கள்.

"ஏட்டி செலினு" என்றாள் அம்மா.

செலின் சித்தி, "நல்லா இருக்கீங்களா?" என்றாள். பாப்பாவைப் பார்த்தாள். "பேத்தியா" என்றாள். ஆட்டோ நிற்கிறது என்று போய்விட்டாள். முன்பெல்லாம் 'வாட்டீ, போட்டீ' என்றுதான் பேசிக்கொள்வார்கள். வயதானால் ஒரு மரியாதை வந்துவிடும் போலிருக்கிறது. அம்மா கோவில் படியில் கொஞ்ச நேரம் நின்றாள். வெயில் பாப்பா முகத்தில் அடிக்கிறதே என்று நான்தான் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் யாரிடமும் சொல்லலாம் அக்கா. ஒன்றைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. பாப்பாவின் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. கான்வென்டில் படிக்கும்போது எந்தப் பாவத்தையும் மறைக்காமல் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட வேண்டும் என்று சிஸ்டர் சொல்வார்கள். போனேன். வரிசையில் நின்றேன். சாமியாருக்கு என் குரல் தெரிந்துவிடும் என்று திரும்பி வந்துவிட்டேன். உங்களை எனக்குத் தெரியாது. நாளைக்கு நீங்கள் இந்த வேலை வேண்டாம் என்று போய்விடலாம். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறே கால் மணிக்கு, அம்மா தூங்கிக்கொண்டிருக்கும்போது, அம்மா போனுக்குச் செலின் சித்தியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'ஏட்டி, புஷ்பத்துகிட்ட இருந்து நேத்தும் ரிங் வரல, இன்னைக்கும் வரல. நீ பாத்தியா?' நான் கட்டைவிரல் படம் ஒன்று இருக்குமே, அதைத் தட்டி அனுப்பினேன். பார்த்தாயிற்று, சரி என்று. பிறகு இரண்டையும் அழித்துவிட்டேன்.

ஒரு கையில்தான் தட்டினேன். இன்னொரு கையில் பாப்பா இருந்தாள்.

அம்மாவுக்கு இது தெரியாது. நான் அழித்துவிட்டேனே, எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் மீனில் முள்ளெடுத்து வைப்பாளா? ஆனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பால் சுரக்கவில்லை. சொல்லிவிட்டால் சரியாகிவிடும், அம்மா இரண்டு வார்த்தை திட்டுவாள், அழுவோம், பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

சாப்பிட்டு முடித்து, பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு, அம்மா தன் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"சொல்லாத ஜெனி."

"இல்லம்மா, அந்த வெள்ளிக்கிழமை..."

"சொல்லாதன்னு சொன்னேன்லா." திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். காய்ச்சல்காரியைப் பிடிக்கிற மாதிரி. "நீ சொல்லிட்டன்னா நான் கேட்டதா ஆயிரும். கேட்டுட்டேன்னா, நாளைக்குக் காலைல அந்தப் பிள்ளையத் தூக்க எனக்குக் கை வராது. எனக்கு இப்ப இருக்கது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துராத."

"அப்ப நீ என்கூட வரமாட்டியா?"

அம்மா என் நெற்றியில் சிலுவை போட்டாள், சின்ன வயதில் ஸ்கூலுக்குப் போகும்போது போடுவாளே, அதே மாதிரி. "போய்ப் படு. காலைல ரயிலுக்கு நேரத்தோட எந்திரிக்கணும்" என்றாள்.

கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள், பாப்பா விழித்துவிடக் கூடாது என்று. நான் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு, "கட்டைவிரல்மா, நான்தான்மா, அந்தக் கட்டைவிரல் படம்" என்று ஆரம்பித்தேன். உள்ளே அவள் தாழ்ப்பாளை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் பிறந்ததிலிருந்து யாரும் போடாத தாழ்ப்பாள் அது, துருப்பிடித்துப் போயிருந்தது. ஒரு தடவை இழுத்தாள், வரவில்லை. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மறுபடியும் இழுத்தாள். இரண்டு கையாலும் இழுத்திருப்பாள், அவளுக்கு மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. கடைசியில் அது உள்ளே விழுந்து, கதவு பூட்டிக்கொண்டது.